நிறுவனம் தோற்கும் வாக்கெடுப்பு



தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், மேடை ஏறுகிறவர்கள் அதியமானிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவரை இன்று விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது மென்பொருளைப் பற்றி. அதிலும், ஒரு நிறுவனம் தனக்குச் சொந்தமான மென்பொருளை ஒரு சமூகத்தின் ஆளுகைக்கு விட்டுக்கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. தருமபுரியில் இந்தப் பேச்சுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கிருஷ்ணகிரி, ஓசூர், அதற்கப்பால் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்களில் பலர் அந்தச் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போகப் போகிறீர்கள். போன இடத்தில் என்றாவது ஒருநாள் மேலாளர் வந்து, "நம்ம ப்ராடக்டை ஓப்பன் சோர்ஸ் பண்ணப் போறோம்" என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். நீங்களும் தட்டலாம். தட்டிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்.

இனிமேல் இந்த மென்பொருளைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில், நம் நிறுவனம் வாக்கில் தோற்கக்கூடிய முடிவு ஒன்றாவது உண்டா?

'இல்லை' என்றால், நடந்தது மூலநிரல் வெளியீடு மட்டுமே. அதுவும் நல்ல காரியம்தான். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் அடுத்த பதிப்பில் எது வரும், யாருடைய திருத்தம் சேரும், எந்தப் பிழை முதலில் சரியாகும், பெயர் யாருடையது என்பதையெல்லாம் பழைய முதலாளியே தீர்மானித்துக்கொண்டிருப்பார். உரிமத்தை மாற்ற ஒரு பிற்பகல் போதும். தோற்பதற்கு ஒப்புக்கொள்ள ஒரு நிறுவனத்துக்குப் பத்து ஆண்டுகள் ஆகலாம்; ஒப்புக்கொள்ளாமலேயே அது மறைந்தும் போகலாம். இரண்டாவது வகைக்கு உதாரணமாகத்தான் ஓப்பன்ஆஃபிசின் கதையைச் சொல்லப் போகிறேன். நம் மாநிலத்து அலுவலகங்களிலும் மடிக்கணினிகளிலும் புழங்கிய மென்பொருள் அது என்பதால் அதைத் தேர்ந்துகொண்டேன்.

1985-ல் ஜெர்மனியின் லூனபுர்க் ஊரில் மார்கோ போரீஸ் என்ற பதினாறு வயதுப் பையன் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் சொற்செயலி வளர்ந்து ஸ்டார் ஆஃபிஸ் ஆயிற்று. 1999-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஏன் வாங்கியது என்பதற்குச் சன் நிறுவனத்தாரே சொன்ன காரணம் வேடிக்கையானது. அப்போது அங்கே ஏறத்தாழ 42,000 ஊழியர்கள். அத்தனை பேருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் உரிமம் வாங்கும் செலவைவிட, ஓர் அலுவலக மென்பொருள் நிறுவனத்தையே வாங்கிவிடுவது மலிவாக இருந்ததாம். 2000 ஜூலையில் சன் மூலநிரலைத் திறப்பதாக அறிவித்தது; அக்டோபர் 13 அன்று ஓப்பன்ஆஃபிஸ் என்ற பெயரில் திறந்தது.

அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே நடந்த வேலையை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத பகுதிகள் நிறைய இருக்கும். எழுத்துப்பிழை பார்க்கும் கருவி ஒருவரிடம் வாங்கியது, தரவுத்தளம் இன்னொருவரிடம் வாங்கியது, எழுத்துருக்கள் வேறொருவருடையவை. இவற்றை விற்கலாம் என்று ஒப்பந்தம் இருக்கும். ஊருக்குத் திறந்துவிடலாம் என்று எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது. எனவே வழக்கறிஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்த்து, நமதல்லாததை வெட்டி எடுக்க வேண்டும். 1998-ல் நெட்ஸ்கேப் தன் உலாவியைத் திறந்தபோதும் இதே பாடுதான். மறையாக்கப் பகுதியை அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் காரணமாகவே நீக்க வேண்டியிருந்தது. திறந்த நாளில் கிடைப்பது பெரும்பாலும் கையும் காலும் எடுத்த மென்பொருளாகத்தான் இருக்கும்.

ஓப்பன்ஆஃபிசும் அப்படித்தான், பிழைதிருத்தி இல்லாமல் வந்தது. அந்த ஓட்டையிலிருந்து ஒரு நல்லது விளைந்தது. வெளியாள் ஒருவர் மைஸ்பெல் என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்துக்கு அது போதும். ஹங்கேரி மொழிக்குப் போதவில்லை. வேர்ச்சொல்லின் மீது விகுதி, அதன் மீது இன்னொரு விகுதி என்று ஏறிக்கொண்டே போகும் மொழி அது. நேமெத் லாஸ்லோ என்ற ஹங்கேரியர் அதை விரிவாக்கி ஹன்ஸ்பெல் செய்தார். பிற்பாடு ஓப்பன்ஆஃபிசிலும் ஃபயர்ஃபாக்சிலும் குரோமிலும் அது அமர்ந்தது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்று ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தை அடக்கும் நமக்கும் இந்தத் தொல்லை தெரியும். தமிழ்ப் பிழைதிருத்திக்காகத் தன்னார்வலர்கள் தொகுத்த அகராதிக் கோப்புகளும் ஹன்ஸ்பெல் மீதுதான் ஓடின. சன் நிறுவனத்தின் எந்தத் திட்டக் கூட்டத்திலும் ஹங்கேரியோ தமிழோ முதல் வரிசையில் இருந்திருக்காது. வெற்றிடம் இருந்தது, வெளியார் வந்து நிரப்பினார்கள். சமூகம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இன்னொரு சிக்கல், குறிப்புரைகள். நிரலாளர் தனக்காகவும் பக்கத்து மேசைக்காரருக்காகவும் நிரலுக்கு நடுவே எழுதிவைக்கும் விளக்கங்களைச் சொல்கிறேன். ஸ்டார் டிவிஷன்காரர்கள் அவற்றை ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார்கள். ஹாம்பர்க் அலுவலகத்துக்குள் அதனால் ஒரு குறையும் இல்லை. பல இலட்சம் வரி நிரலை உலகம் முழுவதற்கும் திறந்தபோது, புதிதாக வந்தவர் ஒவ்வொரு வளைவிலும் நின்றார். பிற்காலத்தில் ஓப்பன்ஆஃபிசிலிருந்து பிரிந்த லிப்ரெஆஃபிஸ் சமூகம் அந்தக் குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றுவதையே புதியவர்களுக்கான எளிய வேலையாக வைத்தது; ஆண்டுக்கணக்கில் அது நடந்தது. ஒரு கோப்பு ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்த வாடிக்கையாளருக்காக இந்த விதிவிலக்கு என்பதெல்லாம் நிறுவனத்துக்குள் ஆட்களின் தலையில் இருக்கும். தலையை அஞ்சலில் அனுப்ப முடியாது.

இனி ஆளுகைக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டு அறிவிப்பிலேயே சன் ஒரு வாக்குறுதி தந்திருந்தது: இந்தத் திட்டத்தை நடத்தச் சுதந்திரமான ஓர் அறக்கட்டளை அமைக்கப்படும் என்று. பத்து ஆண்டுகளில் அது வரவே இல்லை. சமூக மன்றம் என்று ஒன்று இருந்தது, கூடிப் பேசியது. மூலநிரலின் சேமிப்பகம், பதிப்பு வெளியிடும் கணினிகள், பிழைப் பதிவேடு, இணையப் பெயர், வணிகக்குறி எல்லாம் சன் கையில். திருத்தம் அனுப்புகிறவர்கள் பதிப்புரிமையைச் சன்னோடு பகிர்ந்துகொள்வதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இதில் ஒரு சாய்வு இருக்கிறது, கவனியுங்கள். உங்கள் திருத்தத்தைச் சன் தன் விலைக்கு விற்கும் ஸ்டார் ஆஃபிசில் சேர்த்துக்கொள்ளலாம். சன் எழுதிய பகுதியை நீங்கள் அப்படி விற்க முடியாது. உங்களுக்குக் கிடைத்தது பொது உரிமம் மட்டும்.

நோவெல் நிறுவனத்தில் இருந்த மைக்கேல் மீக்ஸ் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. அனுப்பிய திருத்தங்கள் தேங்கின. ஒவ்வொரு சிறு மாற்றமும் தனிக் கிளை, தனிச் சோதனை, தனி ஒப்புதல் என்று ஊர்ந்தது. தேங்கிய திருத்தங்களையெல்லாம் சேர்த்து 'கோ-ஊ' என்ற தனிப் பதிப்பை அவர்கள் நடத்தினார்கள். லினக்ஸ் பயன்படுத்தியவர்களில் பலர் ஓப்பன்ஆஃபிஸ் என்று நினைத்துத் திறந்தது உண்மையில் இந்தப் பதிப்பைத்தான். ஓப்பன்ஆஃபிசின் பிளவு 2010-ல் நடந்தது என்று எழுதுகிறார்கள். என் கணிப்பில் அது பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. 2010-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? எ-கலப்பை விசைப்பலகையைத் தந்த தமிழா குழுவின் தன்னார்வலர்கள் ஓப்பன்ஆஃபிசின் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழாக்கினார்கள். 2005-ல் மத்திய அரசு வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுவட்டில் 'பாரதீய ஓப்பன் ஆஃபிஸ்' இடம்பெற்றது. பிறகு, உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்சுக்கும் ஓப்பன்ஆஃபிசுக்கும் மாற்றியது. அரசுத் துறைகளுக்கும் அதையே பரிந்துரைத்தது. துணிச்சலான முடிவு. அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவருக்கு வானவில் எழுத்துருவும் அதன் விசைப்பலகையும் விரலில் ஊறியவை. பழைய கோப்பைத் திறந்தால் எழுத்து சிதைகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. உரிமம் பற்றிய சொற்பொழிவு அவருக்கு வேண்டாம். இத்தனை பேர் நம்பி இறங்கிய மென்பொருளின் எதிர்காலம் எங்கே தீர்மானமாகிறது என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்டதாக நினைவில்லை. கலிஃபோர்னியாவில் தீர்மானமாகிக்கொண்டிருந்தது.

2010 ஜனவரி இறுதியில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. அந்த ஆகஸ்டில், சன் திறந்துவைத்திருந்த ஓப்பன்சோலாரிஸ் இயங்குதளத் திட்டத்தை ஆரக்கிள் கைவிட்டது. அதே மாதம் ஜாவா தொடர்பாகக் கூகுள் மீது வழக்குப் போட்டது. ஓப்பன்ஆஃபிஸ்காரர்களுக்குச் செய்தி புரிந்துவிட்டது. செப்டம்பர் 28 அன்று சமூகத்தின் முன்னணியாளர்கள் 'டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்தார்கள். நோவெல், ரெட் ஹாட், கனோனிக்கல், கூகுள் ஆகியவை ஆதரித்தன. ஆரக்கிளையும் சேர அழைத்தார்கள்; ஓப்பன்ஆஃபிஸ் என்ற பெயரைத் தந்துவிடும்படி கேட்டார்கள். அதுவரைக்கும் தற்காலிகமாக ஒரு பெயர் வேண்டுமே என்று வைத்ததுதான் லிப்ரெஆஃபிஸ்.

அக்டோபர் 14 அன்று பழைய சமூக மன்றம் கூடியது. தலைமை வகித்தவர் ஆரக்கிள் ஊழியர். புதிய அமைப்பில் இருப்பவர்கள் நலமுரண் காரணமாக மன்றத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்று கேட்கப்பட்டது. பத்தாண்டுக் காலச் சமூக மன்றத்தின் நாற்காலிகள் எதற்காக வைக்கப்பட்டிருந்தன என்பது அன்று மாலை எல்லோருக்கும் விளங்கியது. ஆரக்கிள் மீது மட்டும் பழி போடுவது எளிது. பெயரையும் சேவையகத்தையும் சன் வைத்துக்கொண்டிருந்ததால்தான் ஆரக்கிளால் அவற்றை வாங்க முடிந்தது. நல்ல முதலாளி இருக்கும்போது யாரும் சாசனம் எழுதுவதில்லை. முதலாளி மாறும் நாளில் எழுத நேரமில்லை.

வெளியேறியவர்கள் மூலநிரலை எடுத்துப் போனார்கள். உரிமம் அதை அனுமதித்தது. வேறு எதையும் எடுத்துப் போக முடியவில்லை. பத்தாண்டுப் பிழைப் பதிவேடு பின்னால் தங்கிவிட்டது. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் பதிவேட்டில் இடம் கேட்டு ஒண்டிக்கொண்டார்கள். பல ஆண்டுகள் அங்கேதான் இருந்தார்கள். பெயர் போய்விட்டது, உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் அறிந்த பெயர். 2011 ஜனவரி 25 அன்று லிப்ரெஆஃபிஸ் 3.3 வெளிவந்தது. அறக்கட்டளைக்கு மூலதனமாக 50,000 யூரோ வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். எட்டே நாளில் சேர்ந்துவிட்டது. 2012 பிப்ரவரியில் பெர்லினில் அதைப் பதிவு செய்தார்கள்.

ஏன் பெர்லின், ஏன் அறக்கட்டளை? ஜெர்மன் சட்டப்படி அறக்கட்டளை என்பது ஒரு நோக்கத்துக்காகப் பிரித்துவைக்கப்பட்ட சொத்து. இன்று நாம் இங்கே கூடியிருப்பதும் அப்படியொரு வைப்புத்தொகையால்தான். ஒரு குடும்பத்தார் பணத்தை ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தலைமுறைக்கு மனம் மாறினாலும் அந்தப் பணத்தை எடுத்துக் கடை வைக்க முடியாது. என் பேச்சு அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால்கூட, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். சிரிக்கிறார்கள்; ஆனால் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாதபடி கொடுப்பது என்றால் இதுதான். பெர்லினில் நோக்கத்தைச் சாசனத்தில் எழுதி, அரசின் மேற்பார்வைக்குக் கீழே வைத்தார்கள். நாளை இன்னொரு ஆரக்கிள் வந்து அதை விலைக்கு வாங்க வழியில்லை.

ஆரக்கிளோ 2011 ஜூனில் பெயரையும் நிரலையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. வெளியேறியவர்களுக்குக் கொடுக்கவில்லை, வேறொரு சமூகத்துக்குக் கொடுத்தது. ஐபிஎம் தன் அலுவலக மென்பொருளான லோட்டஸ் சிம்ஃபனிக்காக அப்பாச்சி உரிமத்தை விரும்பியது. அந்த உரிமத்தில் இருப்பதை லிப்ரெஆஃபிஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரெஆஃபிசில் இருப்பதை அப்பாச்சி எடுக்க முடியாது. தண்ணீர் ஒரு பக்கமாகவே பாய்ந்தது. ஐந்தே ஆண்டுகளில், 2016-ல், அப்பாச்சி ஓப்பன்ஆஃபிசை மூடிவிடலாமா என்ற விவாதம் அதன் உள்ளேயே எழுந்தது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கக்கூட ஆள் போதவில்லை. மூடவில்லை, சிறு திருத்தங்களோடு இன்றும் கிடைக்கிறது. பெயரைத் தேடி வருகிறவர்கள் இன்றும் அதைத்தான் இறக்குகிறார்கள். ஆட்கள் ஒரு வீட்டில், பெயர்ப் பலகை இன்னொரு வீட்டில். இதே 2011-ல் ஹட்சன் என்ற கருவியும் ஆரக்கிளோடு பெயர்ச் சண்டையில் பிரிந்து ஜென்கின்ஸ் ஆனது; அங்கேயும் பெயரோடு போனவர்கள் தேய்ந்தார்கள், ஆட்களோடு போனவர்கள் வளர்ந்தார்கள்.

சரி, அறக்கட்டளை வந்துவிட்டது, எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம் என்றால், முடியவில்லை. லிப்ரெஆஃபிசின் இயக்குநர் வாரியத்தை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வாரியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. நல்ல விதி. ஆனால் நிரலில் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் கொலாபரா போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். வாரியத்தில் மூன்றில் ஒரு பங்கு, வேலையில் அதைவிட எவ்வளவோ அதிகம். இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில் உரசல் வரும், வந்தது. 2020 ஜூலையில், அப்போது வெளிவரவிருந்த பதிப்பில் 'தனிநபர் பதிப்பு' என்ற வாசகம் தென்பட்டதும், காசு கேட்கப் போகிறார்கள் என்று உலகமே பதறியது. பெரிய நிறுவனங்கள் ஆதரவுக் கட்டணம் செலுத்தாமல் இலவசமாகவே பயன்படுத்திக்கொண்டு போவதுதான் அதன் பின்னணி. வாசகம் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கொலாபரா தன் இணையவழிப் பதிப்பின் வேலையை அறக்கட்டளையின் கூரையிலிருந்து எடுத்துத் தன் இடத்துக்குக் கொண்டுபோயிற்று. 2022-ல் அறக்கட்டளை தன் பக்கத்தில் எஞ்சியிருந்த பிரதியைப் பரண்மேல் ஏற்றியது.

இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. அந்த இணையவழிப் பதிப்பை எழுதப் பணம் போட்டது கொலாபரா. பொதுக்கூரையின் கீழ் இலவசமாகக் கொடுத்தால் அந்தப் பணம் எங்கிருந்து திரும்பும் என்று அவர்கள் கேட்டார்கள். பொதுப்பெயரின் செல்வாக்கில் வளர்ந்ததைத் தனியே எடுத்துப் போகலாமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நான் இரண்டாவது தரப்பின் பக்கம் சற்றுச் சாய்கிறேன். ஆனாலும், சம்பளம் கொடுக்கிறவரின் கையில் வாக்குப்பெட்டியைத் தாண்டிய ஒரு பலம் எப்போதும் இருக்கும். வேலை நிறுத்தம்போல, அவர் தன் ஆட்களை எழுப்பிக்கொண்டு போய்விடலாம். இதற்குச் சாசனத்தில் மருந்து கிடையாது. பணம் கொடுப்பவர்கள் பலராக இருந்தால் ஒருவர் எழுந்து போவதைத் தாங்கிக்கொள்ளலாம், அவ்வளவே.

மற்ற சில திட்டங்களைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். நெட்ஸ்கேப் தன் உலாவியை 1998 மார்ச் 31 அன்று திறந்தபோது உலகத்து நிரலாளர்கள் வரிசையில் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஓராண்டு ஆயிற்று, எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் நெட்ஸ்கேப் ஊழியர்களாகவே இருந்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி அந்த ஓராண்டு முடிவில் விலகிப்போனார். 2003-ல், நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏஓஎல் உலாவியைக் கைவிட்டபோது, திறந்த நிரலின் பொறுப்பேற்ற மொசில்லா அறக்கட்டளையை இருபது இலட்சம் டாலர் கொடுத்து வழியனுப்பியது. பிரிந்து போகும்போது வழிச்செலவுக்குப் பணம் கொடுத்த முதலாளி என்ற வகையில் அதைப் பாராட்ட வேண்டும்.

கூகுள் 2014-ல் அறிமுகப்படுத்திய குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளை அடுத்த ஆண்டே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் ஒரு புதிய அமைப்புக்குக் கொடுத்தது. வேகமான ஒப்படைப்பு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். சோதனைகளை ஓட்டும் கணினிகளும் பயனர்கள் இறக்கும் கோப்புகளின் கிடங்கும் மட்டும் கூகுளின் கணக்கிலேயே இருந்தன. 2018-ல்தான் அவற்றை நடத்தும் பொறுப்பையும் கொடுப்பதாக அறிவித்து, மூன்றாண்டுகளுக்கு 90 இலட்சம் டாலர் மதிப்புள்ள மேகக்கணினி வரவையும் கூகுள் கொடுத்தது. ஒரு மென்பொருளைப் பொதுவாக்குகிறவர்கள் இந்த மாதாந்திர வாடகையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்தக் கட்டணத்தை இப்போது யார் கட்டுகிறார்கள் என்று கேட்டால், ஒப்படைப்பு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எதிர்ப்பக்க உதாரணம் ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் மென்பொருள். ஆளுகை முழுவதும் அந்த நிறுவனத்தின் கையில். பங்களிப்பாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் நிறுவனம் ஒரே அறிவிப்பில் திறந்த உரிமத்தைக் கைவிட்டது. மறு மாதமே அதன் கிளை, ஓப்பன்டோஃபூ என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்தது. ஓப்பன்ஆஃபிசுக்குப் பத்து ஆண்டு பிடித்ததற்கு இங்கே ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. சமூகங்கள் பழகிவிட்டன.

நீங்கள் வேலைக்குச் சேரப் போகும் அலுவலகத்துக்குள் வருகிறேன். ஒப்படைப்பில் மிகக் கடினமான இடம் சட்டம் இல்லை, பழக்கம்தான் என்பது என் அனுபவம். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனம் தன் மென்பொருளைத் திறந்தது; பெயர் வேண்டாம். வழிகாட்டுக் குழு அமைத்தார்கள், வெளியார் இருவருக்கு இடம் கொடுத்தார்கள். முடிவுகள் மட்டும் பழையபடி தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஆயின. வெளியார் இருவரும் குழுக் கூட்டத்துக்கு வரும்போது எல்லாம் பேசி முடிந்திருக்கும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பத்தடி தூரத்தில் இருப்பவரிடம் வாயால் கேட்பதை விட்டுவிட்டு, உலகம் படிக்கும்படி எழுதிக் கேட்டு, மூன்று நாள் பதிலுக்குக் காத்திருப்பது மனித இயல்புக்கு விரோதம். அப்பாச்சி அமைப்பு, பொது மடலில் நடக்காதது நடக்கவே இல்லை என்று கறாராக வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

அதோடு சம்பள மதிப்பீடு ஒன்று இருக்கிறது. ஒரு வெளியாளின் திருத்தத்தைப் பொறுமையாகப் படித்து, மூன்று முறை திருப்பி அனுப்பி, நான்காம் முறை ஏற்றுக்கொண்ட ஊழியருக்கு ஆண்டு இறுதியில் என்ன மதிப்பெண்? பல இடங்களில் பூச்சியம். தானே எழுதியிருந்தால் முழு மதிப்பெண். வெளியார் வரவில்லையே என்று பிறகு வருத்தப்படுகிறார்கள். இன்னொன்று, வேலைக்குச் சேரும்போது நீங்கள் கையெழுத்திடும் தாள்களில், நீங்கள் எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். வாரக் கடைசியில் வீட்டிலிருந்து எழுதியதும் அதில் அடங்குமா என்று சேரும் அன்றே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சமூகத் திட்டம் எதிலாவது பங்கெடுக்கப் போனால் அந்தப் பத்தி குறுக்கே வரும்.

அரசும் ஒரு நிறுவனம்தான். சென்னை சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கே.பி. சந்திரசேகர் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்திய, திறந்த மென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் முயற்சியில் 2007-ல் பாஸ் லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தது. உங்கள் அண்ணன்மார் அக்காமார் பலர் அந்தக் கணினியை வாங்கியிருப்பார்கள். பாஸைத் திறந்து பார்த்தவர்கள் கொஞ்சம்தான். பாஸ், டெபியன் லினக்சின் மீது கட்டப்பட்டது. டெபியனுக்கு 1998 முதல் எழுதப்பட்ட சாசனம் உண்டு. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல். தலைவரின் முடிவையே உறுப்பினர் வாக்கால் புரட்டலாம். அதன் மேல் நின்ற பாஸ், சி-டாக்கின் அலுவலகத் திட்டமாகவே இருந்தது. அடித்தளத்தில் வாக்குரிமை, மேல்மாடியில் அரசாணை. மடிக்கணினி வாங்கிய மாணவர் அதில் ஒரு தமிழ் எழுத்துப் பிழையைக் கண்டால் புகார் சொல்லலாம். தீர்மானிக்கும் இடத்தில் அவருக்கு நாற்காலி இல்லை. பொதுப்பணத்தில் எழுதியதற்கு மூலநிரல் உரிமத்தோடு ஆளுகைச் சாசனமும் வேண்டும் என்பது என் கருத்து. திட்ட நிதி முடிகிற அன்று அந்த மென்பொருளை யார் வைத்துக்கொள்வார்கள் என்று முதல் நாளே எழுதிவைக்கலாம்.

வாக்கில் தோற்கக்கூடிய நிறுவனம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது தமிழ் பேசுகிறவருக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். லிப்ரெஆஃபிசில் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பணம் தருகிறவர்களில் ஐரோப்பிய அரசு அலுவலகங்கள் முக்கியமானவை. அவர்கள் கேட்பது மைக்ரோசாஃப்ட் கோப்புகள் பிசகாமல் திறக்க வேண்டும் என்பது. கொம்பும் காலும் சேர்ந்த தமிழ் எழுத்து வரியின் முனையில் உடைகிறது என்பதற்காக யாரும் அங்கே பணம் கட்டமாட்டார்கள். அறக்கட்டளை தன் நன்கொடைப் பணத்தில் தானே நிரலாளர்களை அமர்த்தலாமா என்று வாரியத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. நிறுவனங்களோடு போட்டி போடுவதாகும் என்று எதிர்ப்பும் இருந்தது. கடைசியில் அமர்த்துவது என்று முடிவாயிற்று. 2023-ல் எடுத்தவர்களில் ஒருவருக்குக் கொடுத்த வேலை, வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளையும், இந்திய மொழிகளைப்போலச் சிக்கலான எழுத்தமைப்புள்ள மொழிகளையும் கவனிப்பது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்து புழங்கும் இந்த மாவட்டத்தின் மூன்று மொழிகளும் அந்த வகைக்குள் வருகின்றன. சந்தை தராத வேலை ஒன்றை வாக்கு தந்தது.

அந்த வாக்கு உங்களுக்கும் கிடைக்கும். லிப்ரெஆஃபிஸ் அறக்கட்டளையில் உறுப்பினராகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய வேண்டியதில்லை. குறைந்தது மூன்று மாதம் பங்களித்திருக்க வேண்டும், இன்னும் ஆறு மாதமாவது தொடர்வேன் என்று சொல்ல வேண்டும். நிரல் எழுதினால்தான் பங்களிப்பு என்பதும் இல்லை: மொழிபெயர்ப்பு, பிழைகளைச் சோதித்து உறுதிப்படுத்துவது, கையேடு எழுதுவது எல்லாம் கணக்கில் வரும். பென்னாகரத்தில் இருந்துகொண்டே செய்யலாம். விண்ணப்பத்தை உறுப்பினர் குழு பார்த்து ஏற்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வாரியத் தேர்தலில் ஒரு பெரிய நிறுவனத்தின் மூத்த பொறியாளருக்கும் அரூரிலிருந்து தமிழாக்கம் செய்கிற மாணவிக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு. தமிழ் எழுத்துப் பிழைகளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள் என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.